நோ கிளெய்ம் போனஸ்: ஒரு வேன் கதவு எனக்குச் சொல்லித் தந்த கணக்கு

நான் காப்புறுதி முகவர் அல்லன். பதுளை நகரில் பலசரக்குக் கடை வைத்திருப்பவன். வாரத்தில் மூன்று நாள் வேனில் சரக்கேற்றி பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கத் தோட்டக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இருபது வருடமாக இந்தப் பாதைகளில் வாகனம் ஓட்டியும், என் காப்புறுதிப் பத்திரத்தில் இருந்த ஒரு வரியை நான் ஒழுங்காக வாசித்ததில்லை. அந்த வரிதான் ‘நோ கிளெய்ம் போனஸ்’. சுருக்கமாக என்.சி.பி. என்பார்கள்.

ஒரு மழை நாளில் மடுல்சீமைக்கு ஏறும் தோட்டப் பாதையில் எதிரே லொறி வந்தது. இடம் விடுவதற்காக மண் மேட்டோடு ஒதுங்கினேன். வேனின் பக்கக் கதவு கல்லில் உரசி நெளிந்துவிட்டது. கராஜில் தட்டி நிமிர்த்திப் பெயின்ட் அடிக்க 21,000 ரூபா கேட்டார்கள். “ஃபுல் இன்ஷூரன்ஸ் இருக்கும்போது கையிலிருந்து ஏன் கொடுப்பது?” என்று நினைத்தேன். கோரிக்கை வைத்தேன், பணமும் கிடைத்தது. நிறுவனம் நல்ல நிறுவனம் என்று நாலு பேரிடம் புகழ்ந்தும் பேசினேன்.

அடுத்த வருடம் புதுப்பித்தல் அறிவித்தல் வந்தபோதுதான் விஷயம் விளங்கியது. முந்திய வருடம் நான் கட்டியது 48,000 ரூபா. இந்த முறை 96,000 ரூபா. தவறாக அச்சடித்துவிட்டார்களோ என்று கிளைக்கு ஓடினேன். “தவறில்லை, நீங்கள் கிளெய்ம் பண்ணியிருக்கிறீர்கள், போனஸ் இல்லாமல் போய்விட்டது” என்றார்கள்.

என்னைப் போல எத்தனையோ பேர் இதே இடத்தில் ஏமாந்து நிற்கிறார்கள். நிறுவனம் ஏமாற்றியதாக நான் சொல்ல வரவில்லை. அது பத்திரத்திலேயே இருந்தது. வாசிக்காதது என் பிழை. அதனால் நான் பணம் கொடுத்துக் கற்ற பாடத்தை மற்றவர்கள் இலவசமாகக் கற்றுக்கொள்ளட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். இதில் பணத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

போனஸ் என்ற பெயரில் ஒரு கழிவு

போனஸ் என்றதும் கையில் காசு தருவார்கள் என்று எண்ணக்கூடாது. இது கட்டுப்பணத்தில் கிடைக்கும் கழிவு. ஒரு வருடம் முழுக்க நீங்கள் நட்டஈடு கோரவில்லை என்றால், அடுத்த வருடக் கட்டுப்பணத்தில் ஒரு வீதம் குறையும். அடுத்த வருடமும் கோரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் குறையும். இப்படி ஏறி ஏறி ஓர் உச்ச வீதத்தில் நிற்கும்.

நிறுவனங்கள் ஏன் இதைத் தருகின்றன? கவனமாக ஓட்டுபவரைத் தக்கவைத்துக்கொள்வது ஒரு காரணம். சின்னச் சின்னக் கீறலுக்கெல்லாம் மதிப்பீட்டாளரை அனுப்பி, கோப்புத் திறந்து, காசோலை எழுதும் செலவைத் தவிர்ப்பது இன்னொரு காரணம். அதாவது சிறிய செலவை நீங்கள் தாங்கிக்கொள்ளுங்கள், பெரிய நட்டத்துக்கு எங்களிடம் வாருங்கள் என்பதுதான் இந்த ஒழுங்கின் உட்பொருள்.

இந்தியாவில் இந்தப் படிகள் எல்லா நிறுவனத்துக்கும் ஒன்றாகவே இருக்கின்றன. கோரிக்கை இல்லாத முதல் வருடத்துக்கு 20 வீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாவது வருடத்தில் 50 வீதம். அதுவும் சொந்த வாகனச் சேதத்துக்கான கட்டுப்பணத்தில் மட்டும்தான் கழியும். நம் நாட்டில் அப்படி ஒரே படிவரிசை இல்லை. ஒரு நிறுவனம் தருவதை மற்றது தராது. அதனால் ‘பக்கத்துக் கடைக்காரருக்கு இவ்வளவு கிடைத்ததே’ என்ற ஒப்பீடு உதவாது. உங்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே கணக்கு.

டெபிட் நோட்டை எடுத்துப் பாருங்கள். அடிப்படைக் கட்டுப்பணம், கழிவுகள், வேலைநிறுத்தம் மற்றும் கலவரக் காப்பு, வரிகள் என்று வரிசையாக இருக்கும். கழிவு எந்த வரியிலிருந்து கழிக்கப்படுகிறது என்று விரல் வைத்துக் கேளுங்கள். ‘ஐம்பது வீதம் போனஸ்’ என்றால் கட்டும் மொத்தத் தொகையில் பாதி என்று பொருளல்ல.

புதிய வாடிக்கையாளரை இழுப்பதற்காக, சேர்த்தே இராத போனஸை முன்கூட்டியே கழித்துக் கொடுப்பதும் உண்டு. ‘அப்ஃபிரன்ட் என்.சி.பி.’ என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். அந்த வருடத்துக்குள்ளேயே கோரிக்கை வைத்தால் கழித்த தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டுமா என்பதைச் சேரும் நாளிலேயே கேட்டுவிடுங்கள்.

அந்தக் கதவின் உண்மையான விலை

இப்போது என் கதவுக் கணக்கைப் பார்ப்போம். கழிவில்லாத கட்டுப்பணம் 96,000. என்னுடைய கழிவு 50 வீதம். ஒரு கோரிக்கையோடு அது பூச்சியத்துக்குப் போனது. பிறகு 20, 30, 40, 50 என்று மறுபடி ஏற வேண்டும். இது என் பத்திரத்தின் படி. உங்களுடையது வேறாக இருக்கலாம்.

முதல் வருடம் 48,000க்குப் பதிலாக 96,000. மேலதிகம் 48,000.
இரண்டாம் வருடம் 20 வீதக் கழிவோடு 76,800. மேலதிகம் 28,800.
மூன்றாம் வருடம் 30 வீதக் கழிவோடு 67,200. மேலதிகம் 19,200.
நான்காம் வருடம் 40 வீதக் கழிவோடு 57,600. மேலதிகம் 9,600.
ஐந்தாம் வருடம் பழைய இடத்துக்கு வந்து சேர்வேன்.

கூட்டினால் 105,600 ரூபா. 21,000 ரூபா வாங்கியதற்கு நான் கொடுக்கும் விலை இது. அதுவும் கட்டுப்பணம் ஏறாமல், இடையில் இன்னொரு கோரிக்கை வராமல் இருந்தால்தான்.

இதைக் கேட்டுவிட்டு இனிமேல் கோரிக்கையே வைக்கக்கூடாது என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். அதுவும் பிழை. பெரகலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் முன்பக்கம் முழுக்க நொறுங்கி நாலு இலட்சம் ரூபா செலவென்றால், யோசிக்காமல் கோருங்கள். காப்புறுதி அதற்குத்தான். ஒரு இலட்சம் மீதமாக வேண்டும் என்பதற்காக நாலு இலட்சத்தைக் கையிலிருந்து போடுவது புத்தியல்ல.

கோரிக்கைப் படிவத்தில் கையெழுத்திடும் முன் மூன்று தொகைகளை ஒரு தாளில் எழுதுங்கள். திருத்தச் செலவு எவ்வளவு? அதில் நீங்களே ஏற்க வேண்டிய ‘எக்ஸஸ்’ தொகை போக மீதி எவ்வளவு கைக்கு வரும்? போனஸ் பழைய நிலைக்கு வரும்வரை மேலதிகமாகக் கட்டப்போவது எவ்வளவு? மூன்றாவது இரண்டாவதைவிடப் பெரிதென்றால் கராஜ்காரருக்குக் கையிலிருந்து கொடுத்துவிடுங்கள். ஒரு கோரிக்கையோடு கழிவு முழுதாகப் போகுமா, சில படிகள் மட்டும் இறங்குமா என்பதே இங்கே முக்கியமான கேள்வி. நான் அதைக் கேட்கவில்லை.

இந்தக் கணக்கு முன்பைவிட இப்போது கூடுதலாக உறைக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் ரூபா விழுந்தது. பழைய வாகனங்களும் உதிரிப்பாகங்களும் நினைத்துப் பார்க்காத விலைக்குப் போயின. வாகனத்தின் பெறுமதி ஏறினால் கட்டுப்பணமும் ஏறும். கழிவு வீதம் அதே 50 ஆக இருந்தாலும், ரூபாயில் அதன் மதிப்புக் கூடிவிட்டது. பழைய ஞாபகத்தில் ‘போனஸ் போனால் என்ன, ஏழெட்டாயிரம்தானே’ என்று இருந்துவிடாதீர்கள்.

‘பிழை என்னுடையதல்லவே’

இதைத்தான் நானும் கிளையில் கேட்டேன். லொறிக்காரருக்கு வழிவிட்டுத்தானே கதவு நெளிந்தது! அவர்கள் சொன்ன பதில் நியாயமோ இல்லையோ, தெளிவாக இருந்தது. இதன் பெயர் ‘கோரிக்கை இல்லாததற்கான’ போனஸ், ‘பிழை செய்யாததற்கான’ போனஸ் அல்ல. நிறுவனம் உங்களுக்காகப் பணம் செலவழித்ததா என்பதே கேள்வி.

பிரான்ஸில் முறை வேறு. அங்கே விபத்தில்லாத ஒவ்வொரு வருடத்துக்கும் கட்டுப்பணம் 0.95 ஆல் பெருக்கப்படும். ஓட்டுநரின் பிழையால் விபத்து நேர்ந்தால் 1.25 ஆல் பெருக்கப்படும். பிழை மற்றவருடையது என்றால் மாற்றம் இல்லை. 13 வருடம் கவனமாக ஓட்டியவர் பாதிக் கட்டுப்பணத்துக்கு வந்துவிடுவார். தொடர்ந்து மோதுபவர் மூன்றரை மடங்கு வரை கட்ட நேரிடும். நம்மிடம் இருப்பது அந்த முறையல்ல என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊவாப் பாதைகளில் இது அடிக்கடி வரும் பிரச்சினை. ஹப்புத்தளை, பெரகலை, கொஸ்லந்தைப் பக்கம் மழைக்காலத்தில் மேலிருந்து கல் உருளும். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியதை யாரும் மறந்திருக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டம் பட்ட பாட்டையும் கண்டோம். நிறுத்தி வைத்த வாகனத்தின் மேல் மண் விழுந்தால் அதில் ஓட்டுநரின் பிழை ஏதும் இல்லை. ஆனாலும் இரண்டு கேள்விகள் எழும். மண்சரிவு, வெள்ளம் போன்ற இயற்கை அனர்த்தங்களுக்கான காப்பு உங்கள் பத்திரத்தில் சேர்க்கப்பட்டுள்ளதா? அதில் கோரினால் போனஸ் பாதிக்குமா? இரண்டையும் மழைக்கு முன்பே கேட்டு வைக்க வேண்டும். முன்கண்ணாடிக்குத் தனியாகக் காப்பு இருந்தால், கண்ணாடிக் கோரிக்கையால் போனஸ் குறையுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

பிழை தெளிவாக எதிர்த் தரப்புடையது என்றால், அவருடைய காப்புறுதியிலிருந்து நட்டஈடு பெற முயலுங்கள். அதற்கு அந்த இடத்திலேயே வேலை இருக்கிறது. மற்ற வாகனத்தின் இலக்கம், காப்புறுதிச் சான்றிதழ் விபரம், படங்கள், பொலிஸ் முறைப்பாடு எல்லாம் வேண்டும். ஏறும் வாகனத்துக்கு இறங்கும் வாகனம் இடம் கொடுக்க வேண்டும் என்பது மலைப்பாதை ஒழுங்கு. ஆனால் இரண்டு வாகனமும் உரசிய பிறகு யார் ஏறினார், யார் இறங்கினார் என்று வாயால் சொல்லி நிரூபிக்க முடியாது. வாகனங்களை நகர்த்துவதற்கு முன் எடுத்த படமே சாட்சி.

போனஸ் யாருக்குச் சொந்தம்?

போனஸ் வாகனத்தோடு போவதில்லை. பொதுவாக, பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது. வாகனத்தை விற்றால் வாங்கியவருக்கு உங்கள் போனஸ் கிடைக்காது. நீங்கள் புதிய வாகனம் எடுத்தால் அதற்கு மாற்றித் தரும்படி கேட்கலாம். நிறுவனம் மாறினாலும் பழைய இடத்திலிருந்து ‘கோரிக்கை இல்லை’ என்ற கடிதம் எடுத்துக்கொண்டு போகலாம். அந்தக் கடிதத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நம்மவர்கள் இதில் மூன்று இடத்தில் இழக்கிறார்கள்.

முதலாவது, வாப்பா பெயரிலோ நானா பெயரிலோ வாகனத்தைப் போட்டுவிட்டுப் பத்து வருடம் தம்பி ஓட்டுவது. சேர்ந்த போனஸ் ஓட்டியவருக்கு அல்ல, பெயருக்குரியவருக்கு.

இரண்டாவது, ‘ஓபன் பேப்பரில்’ வாங்கிப் பெயர் மாற்றாமல் வைத்திருப்பது. இதில் போனஸ் மட்டுமல்ல, கோரிக்கையே சிக்கலுக்குள் போகலாம்.

மூன்றாவது லீசிங். தோட்டத்துப் பிள்ளைகள் பலர் முச்சக்கர வண்டியை லீசிங்கில் எடுக்கிறார்கள். லீசிங் நிறுவனம் கேட்பதால் முழுக் காப்புறுதி எடுக்கிறார்கள். கடன் முடிந்த அன்றே ‘இனி தேர்ட் பார்ட்டி போதும்’ என்று மாறிவிடுகிறார்கள். நாலைந்து வருடமாகச் சேர்ந்த போனஸ் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை. இந்தியாவில் பத்திரம் காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் போனஸ் போய்விடும். இங்கேயும் இடைவெளிக்கு எல்லை உண்டு. அது எத்தனை நாள் என்பதை உங்கள் நிறுவனத்திடம் கேட்டு எழுதி வையுங்கள்.

நிறுவனம் மாறும்போது, இல்லாத போனஸை இருப்பதாகச் சொல்லும்படி சில முகவர்கள் ஆலோசனை தருவதுண்டு. அதற்கு உடன்படாதீர்கள். காப்புறுதி என்பது உண்மையை முழுதாகச் சொல்வதன் மேல் நிற்கும் ஒப்பந்தம். பொய்யான விபரம் பின்னால் தெரியவந்தால், நாலு இலட்சம் தேவைப்படும் நாளில் கையை விரித்துவிடலாம். சட்டத்தை விடுங்கள், ஒரு முஸ்லிமின் கையெழுத்துக்குக் கீழே பொய் இருக்கலாமா?

தகாஃபுலில் இருப்பவர்களுக்கு

ஜும்ஆ முடிந்து பள்ளி வாசலில் நிற்கும்போது என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது: “போனஸ் என்றால் வட்டி மாதிரியா?” நான் ஆலிம் அல்லன். மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் விஷயம் என்னவென்று சொல்ல முடியும். இது நீங்கள் கொடுத்த பணத்தின் மேல் வளரும் தொகை அல்ல. அடுத்த வருடம் கட்ட வேண்டியதில் செய்யப்படும் குறைப்பு.

1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி, வணிகக் காப்புறுதியை ஏற்காமல் கூட்டுறவு முறையிலான காப்புறுதியை மாற்றாக ஏற்றது. நம் நாட்டில் அமானா தகாஃபுல் 1999இல் தொடங்கியது. தகாஃபுலில் நாம் கொடுப்பது தபர்ருஃ, அதாவது ஒருவருக்கொருவர் உதவும் பொது நிதிக்கான நன்கொடை. யாருக்கு நட்டம் வருகிறதோ அவருக்கு அந்த நிதியிலிருந்து கொடுக்கப்படும்.

இங்கே இரண்டு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக்கூடாது. கோரிக்கை இல்லாததற்கான கழிவு, அடுத்த வருடப் பங்களிப்பைக் குறைப்பது. நிதியில் மிஞ்சுவதைப் பங்குதாரர்களுக்குப் பகிர்வது வேறு. கோரிக்கை வைத்தவருக்கு அந்த மிச்சத்தில் பங்குண்டா என்பதற்கும் தனி விதி இருக்கும். தகாஃபுலில் இருப்பவர் இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டும். பொது நிதி என்று வந்துவிட்டால், சின்னக் கீறலுக்குக் கை நீட்டாமல் இருப்பதில் இன்னொரு நியாயமும் சேர்கிறது. அந்தப் பணம் நம்மைப் போன்ற இன்னொருவருடைய பெரிய நட்டத்துக்கு உதவும்.

ஆளுக்குக் காயம் என்றால் கணக்கே வேறு

ஆரம்பத்தில் சொன்ன பெரிய விஷயம் இதுதான். காப்புறுதிக் கணிதத்தில் ‘போனஸ் பசி’ என்று ஒரு பேச்சு உண்டு. கழிவைக் காப்பாற்றுவதற்காக ஓட்டுநர்கள் நட்டத்தைத் தாங்களே சுமப்பது அது. கதவுக்கும் பம்பருக்கும் அந்தப் பசி நல்லது. மனிதருக்குக் காயம் வந்த இடத்தில் அது பாவத்தில் கொண்டுபோய் விடும்.

எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர், பசறைப் பக்கத் தோட்டம், முச்சக்கர வண்டி ஓட்டுகிறார். என் கடையில்தான் சாமான் எடுப்பார். ஒரு மாலை இருட்டும் நேரம், கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு நடந்து போன அம்மா ஒருவரின் காலில் சில்லு ஏறிவிட்டது. தம்பி ஓடவில்லை. தன் வண்டியிலேயே ஏற்றி மருந்து கட்டுவித்தார். கையில் பத்தாயிரம் ரூபாவும் கொடுத்தார். பொலிசுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஏன் என்று நான் பிறகு கேட்டபோது, “கேஸ் ஆனா போனஸ் போயிரும்னு சொன்னாங்க நானா” என்றார்.

மூன்று மாதம் கழித்தும் அந்த அம்மாவால் மலைச்சரிவில் நின்று கொழுந்து பறிக்க முடியவில்லை. எலும்பு ஒழுங்காகப் பொருந்தவில்லை. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். குடும்பத்தார் நட்டஈடு கேட்டு வந்தார்கள். அப்போது தம்பியிடம் பொலிஸ் பதிவும் இல்லை, நிறுவனத்துக்கு அறிவித்த ஆதாரமும் இல்லை. நானும் அவரோடு போனேன். ஏன் இவ்வளவு தாமதம் என்ற கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதில் இல்லை. கடைசியில் தன் உழைப்பிலிருந்து மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறார். அந்த அம்மாவுக்குப் போதாது, அவருக்கும் தாங்காது. அவர் காப்பாற்றிக்கொண்ட போனஸ் வருடத்துக்கு 9,000 ரூபா.

1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாம் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியதே இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். பாதையில் நடந்து போகிறவருக்கு நம்மால் உயிரிழப்போ உடற்காயமோ ஏற்பட்டால், நம் கையில் பணம் இல்லாவிட்டாலும் அவருக்கு நட்டஈடு கிடைக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். விபத்து நடந்தால் வாகனத்தை நிறுத்தவும், காயப்பட்டவருக்கு உதவவும், பொலிசுக்கு அறிவிக்கவும் ஓட்டுநருக்குச் சட்டக் கடமை உண்டு. அதை மறைக்கும்போது நாம் பறிப்பது நிறுவனத்தின் பணத்தை அல்ல, காயப்பட்டவரின் உரிமையை. அவருடைய ஹக்கை.

இன்னொன்றும் விளங்கிக்கொள்ளுங்கள். விபத்தை அறிவிப்பது வேறு, நட்டஈடு கோருவது வேறு. அறிவித்ததனால் மட்டும் பொதுவாக போனஸ் போவதில்லை. நிறுவனம் பணம் கொடுக்க நேர்ந்தால்தான் அந்தக் கேள்வியே வரும். அப்படியே போனாலும் போகட்டும். நாலு வருடத்தில் திரும்பி வரக்கூடிய ஒன்று அது. அந்த அம்மாவின் கால் அப்படியல்ல.

புதுப்பிக்கும் முன் கேட்க வேண்டியவை

என்னுடைய இப்போதைய போனஸ் எத்தனை வீதம், ரூபாயில் எவ்வளவு? ஒரு கோரிக்கை வைத்தால் எந்தப் படிக்கு இறங்கும்? வருடத்துக்கு ஒரு கோரிக்கை வந்தாலும் போனஸைப் பாதுகாக்கும் மேலதிகக் காப்பு உண்டா, அதற்கு எவ்வளவு? புதுப்பிக்காமல் எத்தனை நாள் இருந்தால் போனஸ் போகும்? இந்த நான்குக்கும் பதிலை வாயால் கேட்காமல் எழுத்தில் கேளுங்கள். குறுஞ்செய்தியாக வந்தாலும் போதும். ஆங்கிலம் விளங்காவிட்டால் தமிழில் விளக்கும்படி கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

பதில் நியாயமாகப் படாவிட்டால் முதலில் நிறுவனத்துக்கே எழுத்தில் முறையிடுங்கள். அதிலும் தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மன் இருக்கிறார். நிறுவனங்களை மேற்பார்வை செய்யும் இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவும் இருக்கிறது. இரண்டும் கொழும்பில்தான், ஆனால் பதுளையிலிருந்து கடிதம் போட்டாலும் போய்ச் சேரும்.

என் வேன் கதவில் இந்த மாதம் இன்னொரு கீறல் விழுந்தது. பசறை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் யாரோ சைக்கிளால் உரசிவிட்டுப் போயிருக்கிறார்கள். திருத்த 6,000 ரூபா. தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கராஜ்காரரிடமே காசைக் கொடுத்தேன்.